வசந்தகால தோட்ட வேலை: மண்வெட்டிக்கு அவசரம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

குளிர் விலகியதும் எல்லோரும் முதலில் தூக்குவது மண்வெட்டியைத்தான். அதற்கு முன் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கொத்தலாம். களிமண் உருண்டைபோல அப்படியே நின்றால் சில நாள் காயவிடுங்கள். ஈரத்தில் கொத்திய மண் கட்டிதட்டி, காற்றிடைவெளி அடைபட்டு, வேர் இறங்காமல் போகும். பிறகு 2 அங்குலம் மட்கிய தொழுவுரம் பரப்பி, மேல்மண்ணோடு கலந்தால் போதும். மட்காத சாணம் வேரைக் கருக்கிவிடும்.

ரோஜாவில் முதலில் காய்ந்த குச்சிகளை நீக்குங்கள். வெளிப்பக்கம் பார்த்த தளிர் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டுங்கள். வெட்டிய இடத்தின் நடுப்பகுதி பழுப்பாக இருந்தால், வெள்ளையோ வெளிறிய பச்சையோ தெரியும்வரை கீழே இறங்குங்கள். கத்தரிக்கோலைச் செடிக்குச் செடி 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பது நல்லது.

பலர் தவறுவது இன்னொன்றில்: வசந்தத்தில் பூக்கும் புதர்களை இப்போது கத்தரித்தால், போன ஆண்டுக் கிளையில் உருவான மொட்டுகள்தான் போகும். பூ முடியட்டும்.

உள்ளே வளர்த்த நாற்றுகளை ஒரே நாளில் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துச் சுருளும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, 7 முதல் 10 நாளில் பழக்குங்கள். தக்காளி, மிளகாய்க்கு இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகாத காலம் வரட்டும்.

மண்ணை மூடிப் பரப்பும் காய்ந்த இலை, வைக்கோல் போன்ற மூடாக்கு 2 அங்குலம் போதும். தண்டை ஒட்டிக் குவித்தால் அழுகும்.

— ஒரு தோட்டக்கலை வாசகர்