நூலில் இல்லாத வள்ளி: தமிழ்ப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு மாணவி. சென்ற பருவத் தேர்வில் 'வள்ளி திருமணம் நாடகத்தில் நாரதர் பெறும் இடத்தை விளக்குக' என்று 10 மதிப்பெண் வினா ஒன்று வந்தது. மூன்று பக்கம் எழுதினேன். கிடைத்தது 4. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், ஓரத்தில் சிவப்பு மையில் 'நூலில் இல்லை' என்று இருந்தது. மதிப்பெண்ணைக் கூட்டிப் போடச் சொல்லி இதை எழுதவில்லை. அந்த இரண்டு சொல்தான் உறுத்துகிறது. நான் எழுதியது நூலில் இல்லைதான். எங்கள் ஊர்க் கோயில் திடலில் இருந்தது.

முதலில் நானும் நூலைத்தான் படித்தேன். விடுதி அறையில், ஒரு மதிய நேரத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டே படித்து முடித்தேன். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் பிறந்தார், 1922-இல் மறைந்தார், தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படுகிறார், இவ்வளவும் மனப்பாடம். நாடகம் மட்டும் மனதில் நிற்கவில்லை. நம்பிராசன் மகள் தினைப்புனம் காக்கிறாள், நாரதர் வருகிறார், முருகன் வேடனாக வருகிறான், கிழவனாக வருகிறான், யானை வருகிறது, கல்யாணம். தெரிந்த கதை. பாட்டுக்குப் பின் பாட்டு. எங்களுக்குப் பாடமாக வைத்த பதிப்பில் பாடல்களின் தலையில் இருக்க வேண்டிய இராகமும் தாளமும்கூட இல்லை. இடத்தை மிச்சப்படுத்த எடுத்துவிட்டார்கள் போலும்.

தேர்வுக்கு முன், சென்ற ஆண்டு பங்குனியில் ஊருக்குப் போனபோது, சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எங்கள் பக்கம் ஸ்பெஷல் நாடக நோட்டீஸ் எப்படி இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), நாரதர், பபூன் (கோமாளி), டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் என ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் படம், கீழே ஊர்ப் பெயர். இரண்டு பேர் ஒரே ஊராக இருந்தால் அதிசயம்.

அன்று இரவு ஒப்பனைக் கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். தகரப் பெட்டி மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வள்ளியாக நடிப்பவர் முகத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார். "ஒத்திகை எப்பக்கா பாப்பீங்க?" என்றேன். சிரித்துவிட்டார். "ஒத்திகையா? அந்தா ஒக்காந்திருக்காருல்ல நாரதரு, அவரு முகத்தையே இப்பத்தான் பாக்குறேன். சங்கரதாஸ் சாமி பாட்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறம் என்ன?"

எனக்குப் புத்தகம் விளங்கியது அந்த இடத்தில்தான். சுவாமிகள் எழுதி வைத்தது, முன்பின் தெரியாத நாலு பேர் நாலு ஊரிலிருந்து பேருந்து பிடித்து வந்து, ஓர் இரவு முழுக்கச் சேர்ந்து நடிக்கத் தேவையான பொதுச்சொத்து. எந்தப் பாட்டுக்கு எந்தப் பாட்டு பதில் என்பது இருவருக்கும் தெரிந்திருப்பதால், இடையில் இருக்கும் வெளியில் அவர்கள் துணிந்து இறங்குகிறார்கள். பாட்டும் பேச்சுமாக அங்கே நடக்கும் வாதத்துக்குப் பெயர்தான் தர்க்கம்.

நாடகம் பத்து மணிக்கு மேல் தொடங்கியது. பபூன் சிரிப்பில் பாதி எனக்குப் பிடிக்கவில்லை, சில இடங்களில் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பத்தா அந்த நேரத்துக்கென்றே ஒரு தூக்கம் வைத்திருக்கிறது. தார்ப்பாயில் சுருண்டு படுத்துவிட்டது. நாரதர் குரல் கேட்டதும் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்தது. "இனிமேத்தான்டி நாடகம்" என்றது.

நாரதர் தந்தை பெயரைக் கேட்டார். "பெற்றவரையா, வளர்த்தவரையா? எவரைக் கேட்கிறீர்?" என்றாள் வள்ளி. துறவிக்குக் கல்யாணத் தரகு எதற்கு என்றாள். அவர் ஒரு விருத்தம் பாட, அதே சுருதியில் இவள் ஒன்று பாட, ஆர்மோனியக்காரர் யார் பக்கம் சேர்வதென்று தெரியாமல் இருவருக்கும் தலையாட்டினார். நடுவில் மைக்கில் அன்பளிப்பு அறிவித்தார்கள். ஐம்பது ரூபாயை வாங்கிக் கும்பிட்டுவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே வள்ளி தொடர்ந்தாள். ஒன்றரை மணி நேரம் போனது. ஒருவரும் எழுந்து போகவில்லை. நாரதர் கலகக்காரர் என்று நூலை வைத்து ஒரு வரியில் எழுதிவிடலாம். வள்ளியின் வாயைத் திறக்க வைப்பதே அவர் வேலை என்பதைத்தான் நான் மூன்று பக்கத்தில் எழுதியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'மேயாத மான், புள்ளி மேவாத மான்' என்று முருகன் வள்ளியைப் பாடும் இடத்தைச் சிலேடை என்று குறிப்பெழுதிவிட்டு நான் கடந்திருந்தேன். மேடையில் ராஜபார்ட் 'மேயாத' என்று இழுத்து நிறுத்திவிட்டு, பரண் மேல் கவண் பிடித்து நின்றவளை ஒரு பார்வை பார்த்தார். தினையை மேய வருவதையெல்லாம் விரட்டுகிறவள் அவள். அவளைப் போய் மேயாத மான் என்கிறான். கந்தபுராணத்தின்படி அவள் மான் வயிற்றில் பிறந்தவளும்கூட. இரண்டும் ஒரே நொடியில் எனக்கு உறைத்தது. அப்பத்தாவுக்கு எப்போதோ உறைத்திருக்க வேண்டும். எனக்கு முன்னாலேயே சிரித்தது.

நீங்கள் மறுக்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன். பெரிய நடிகர்கள் மேடையில் மனம்போனபடி பேசுவது பொறுக்காமல்தான் சுவாமிகள் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்த வந்தார் என்று எங்கள் ஆசிரியரே வகுப்பில் சொன்னார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப்பட்டது. ஆக, 'நூலில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதியவர் பக்கம் சுவாமிகளே நின்றாலும் நிற்பார். இருக்கட்டும். அவர் எழுத்தை இன்றுவரை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் அந்த வாயாடிகள்தானே? புத்தகத்தை வகுப்புக்கு வெளியே நான் யார் கையிலும் பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன். இராகம், தாளம் நீக்காத பதிப்பைப் பாடமாக வையுங்கள். பருவத்துக்கு ஒரு நாள், மேடையேறும் வள்ளி ஒருவரையும் நாரதர் ஒருவரையும் வகுப்புக்கு அழைத்து, உரிய ஊதியம் கொடுத்துப் பேச வையுங்கள், பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள். வினாத்தாளில் 'நீ பார்த்த நாடகத்தில்' என்று தொடங்கும் ஒரு கேள்வி இருக்கட்டும். பார்க்காதவர்களுக்கு 'அல்லது' போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கும் வள்ளி திருமணம்தான். நோட்டீஸ் அச்சாகி வந்துவிட்டது. ஸ்திரீபார்ட் வேறு ஆள், அப்பத்தாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். உங்களில் யாராவது வருவதாக இருந்தால் பத்து மணிக்கு முன்னால் வாருங்கள், மேடைக்கு நேர் எதிரே பாய் விரித்து வைக்கிறேன். பனி விழும், தலைக்குத் துண்டு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் மாணவி,
சிவகங்கை மாவட்டம்