வின்ஸ்லோவுக்கு பீனிக்ஸிலிருந்து ரயில் கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பயணக் கட்டுரையில் ஒரு திருத்தம். பீனிக்ஸில் ரயிலேறி வின்ஸ்லோ போகலாம் என்று இருக்கிறது. முடியாது. பீனிக்ஸுக்கு ஆம்ட்ராக் (அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனம்) ரயில் 1996லேயே நின்றுபோய்விட்டது. அவ்வளவு பெரிய மாநிலத் தலைநகரத்துக்கு ரயில் இல்லை. சுமார் 9,000 பேர் வசிக்கும் வின்ஸ்லோவில் சிகாகோ - லாஸ் ஏஞ்சலிஸ் இடையே ஓடும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் தினமும் போகும்போதும் வரும்போதும் நிற்கிறது. மகள் பீனிக்ஸில் இருக்கிறாள். நாங்களும் காரில்தான் போனோம்.

சரி, இது திருத்தம். வருத்தம் வேறு. ஓர் ஆங்கிலப் பாடலில் வின்ஸ்லோவின் பெயர் வந்ததால் பிரபலமான அந்தத் தெருமுனையில் படம் எடுத்துக்கொண்டு, "வேறு ஒன்றுமில்லை" என்று உங்கள் கட்டுரையாளர் கிளம்பிவிட்டார். கொஞ்சம் நடந்திருந்தால் லா பொசாடா ஓட்டல் வந்திருக்கும்.

சான்டா ஃபே ரயில்வேக்காகக் கட்டிய ஓட்டல் அது. ரயில் பயணிகளுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தந்த ஃப்ரெட் ஹார்வி நிறுவனம் நடத்தியது. வடிவமைத்தவர் மேரி கோல்ட்டர். அந்தக் காலத்தில் ஒரு பெண் கட்டடக் கலைஞர்! இவர் முதலில் ஒரு கதையைக் கட்டினார்: தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்த பணக்கார ஸ்பானியக் குடும்பம் ஒன்றின் மாளிகை இது என்று. அப்புறம் அந்தக் கதைக்கேற்பச் சுவர், வளைவு, மேசை நாற்காலி எல்லாம் செய்யவைத்தார். பாலைவனத்து நடுவில் நேற்றுக் கட்டிய வீடு, பாட்டன் சொத்து மாதிரி நிற்கிறது.

நேரம்தான் சரியில்லை. 1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. ஓட்டலைத் திறந்தது 1930 மே மாதம். 1957இல் மூடிவிட்டார்கள். சாமான்கள் ஏலத்தில் போயின. ரயில்வே உள்ளே தடுப்புகள் போட்டு ஆபீஸ் ஆக்கியது. இதைக் கெடுத்தார்கள் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபீஸ் நடந்ததால்தான் கூரை தப்பியது. பூட்டிப் போட்டிருந்தால் எப்போதோ இடித்திருப்பார்கள். 1997இல் ஆலன் ஆஃபெல்ட், டீனா மியோன் தம்பதி வாங்கிச் சீர்செய்து, மறுபடியும் ஓட்டலாக்கினார்கள்.

இன்னொன்று. சாலைப் பக்கமாகப் போகிறவர்கள் பார்ப்பது இந்த வீட்டின் முதுகைத்தான். முகம் தண்டவாளத்தைப் பார்த்து இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கினால் நேரே ஓட்டல். டிக்கெட் கவுண்டர் இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. தங்குகிறவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாளெல்லாம் போகும் நீள நீளமான கூட்ஸ் வண்டிகளை வேடிக்கை பார்க்கிறார்கள். நானும் பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். இருட்டும் நேரத்தில் சீஃப் வந்தது. நாலைந்து பேர் இறங்கி, பெட்டியை உருட்டிக்கொண்டு அந்த முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்கள்.

ரயிலில்தான் போவேன் என்கிற வாசகர்கள் லாஸ் ஏஞ்சலிஸிலோ, அரிசோனாவிலேயே உள்ள பிளாக்ஸ்டாஃபிலோ ஏறலாம். பிளாக்ஸ்டாஃபிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் கிழக்கே போகும் வண்டி விடிகாலையில் வருகிறது. அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி மாற்றுவதில்லை. இந்த ரயில் ஓடும் மற்ற மாநிலங்கள் மாற்றுகின்றன. அதனால் கோடையில் ரயில் உள்ளூர் நேரப்படி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடும். அடுத்த இதழில் திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
விழுப்புரம்