பகலில் சத்தம் போடாதவர்களுக்கு

சாம்பியன் ரீஃப் லைன் உறவுகளுக்கு,

வணக்கம். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வந்து நின்றபோது எனக்கு வாயே வரவில்லை. தினமும் பெங்களூருக்கு விடியற்காலை ரயில் பிடிக்கிறவர்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தீர்கள். பந்தலுக்குக் கழி நட்டதிலிருந்து எல்லாம் உங்கள் கைதான். அதற்கு நன்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாற்பது வருஷமாகச் சொல்லாமல் விட்ட இன்னொரு நன்றி முந்திக்கொண்டு வருகிறது.

அப்பா தங்கச் சுரங்கத்தில் ராத்திரி ஷிப்டு பார்த்த வாரங்களில் நீங்கள் பகலில் சத்தம் போடாமல் இருந்தீர்களே, அதற்கு.

கோலார் தங்கவயலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது லேசில் புரியாது. லைன் வீடு என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு, ஒரே அறை. மேலே தகரம், பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு தட்டி. அங்கே வெங்காயம் வதக்கினால் இங்கே வாசனை, அங்கே இருமினால் இங்கே தூக்கம் போகும். காற்றடித்தால், தங்கம் எடுத்தபின் கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சைனைடு மேட்டின் வெள்ளை மண் வேறு பாயெல்லாம் படியும். அந்த அறையில்தான் காலையில் வந்து படுக்கிற அப்பா தூங்கியாக வேண்டும். தூங்காமல் மறுபடி சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் ஏறக் கூடாது. எங்கள் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். கண் சொக்கினால் போச்சு.

அம்மா ஒரு வீட்டிலும் போய்க் கேட்டதில்லை. அப்பாவின் பூட்ஸ் வாசலில் இருந்தால் போதும். பக்கத்து வீட்டு அத்தை மிளகாய் இடிக்க உரலைக் கோடி வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்விடுவார். எதிர்வீட்டு ரேடியோ வாயடைத்துப் போகும். கோலி ஆடும் பையன்கள் தாமாகவே மேட்டுக்கு ஓடுவார்கள். குழாயடியில் பித்தளைக் குடம் வைத்தால் ‘ணங்’ என்று கேட்குமே, அது கேட்காமல் இருக்க அடியில் கோணிச்சாக்கை மடித்துப் போட்டது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் இந்த மடல் முதலில் உங்களுக்குத்தான்.

நான் நாலாவது படித்தபோது ஒரு ராத்திரி தரை குலுங்கிற்று. பரணில் அலுமினியப் பாத்திரங்கள் கிலுகிலுத்தன. ஏர் பிளாஸ்ட், அதாவது சுரங்கத்துக்குள் அழுத்தத்தில் பாறை வெடித்துச் சிதறுவது. அம்மா முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தாள். அந்த நேரத்தில் அப்பா கீழே இருந்தார். லைனில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, ஒருவரும் பேசவில்லை. பெண்கள் எல்லோரும் சுரங்க வாயான ஷாஃப்டைப் பார்த்து நடந்தார்கள். அத்தை மட்டும் போகவில்லை. மாமாவும் அதே ஷிப்டில்தான் இருந்தார், ஆனாலும் போகவில்லை. எங்கள் மூன்று பேரையும் தன் பிள்ளைகளுக்கு நடுவில் படுக்க வைத்து, விடியும்வரை என் முதுகில் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். மாமா காலையில் நடந்தே வந்தார். அப்பாவுக்குக் கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. அவர் படுத்திருந்த மாதங்களில் எங்கள் அரிசிப் பானையின் அடி தெரிந்ததே இல்லை. யார் கொட்டினீர்கள் என்று அம்மா கேட்டபோதெல்லாம் எல்லோரும் வேறு பேச்சு பேசினீர்கள்.

1880இல் தோண்டத் தொடங்கிய சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிற்று. அப்புறம் பாதி லைன் காலி. ஷிப்டுச் சங்கு ஊதுவது நின்ற பிறகும் அம்மா ஷிப்டு நேரத்துக்கே எழுந்து அடுப்பு மூட்டினாள்.

காரியம் முடிந்த மத்தியானம், அசதியில் அம்மா படுத்திருந்த இடத்திலேயே கண் அயர்ந்துவிட்டேன். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இத்தனை பெரிய பந்தியின் அண்டாக்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. குழாயடிக்குப் போய்ப் பார்த்தேன். ஈரக் கோணி ஒன்று விரித்தபடி கிடந்தது.

இப்படிக்கு,
மூணாவது வீட்டுப் பெரிய பொண்ணு