எந்த சிம் என்று கேட்டாயே, சரசு

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரசு,

பதில் எழுதாமல் இத்தனை நாள் இருந்ததற்கு முதலில் என்னைத் திட்டி முடித்துவிடு. உன் திட்டு எனக்கு மனப்பாடம். நானே எனக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டேன் என்று வைத்துக்கொள். மேலே போகலாம்.

இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நாக்கு மட்டும் இல்லை. இந்த ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேயாட்டம் ஆடி மாட்டுக்கொட்டகை ஓடுகளைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. கோமதி டீச்சர் மறுபடியும் வீட்டை இடித்துக் கட்டுகிறாள். நீ சொன்னபடியேதான், அதே கொத்தனார்.

நீ கேட்டிருந்தது ஒரே வரி: "சிங்கப்பூருக்குப் போகிறேன், போனுக்கு என்ன செய்வது?" அந்த ஒரு வரி வந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டிலும் அதே ரகளை ஆரம்பித்தது. பெரியவளுக்கு மார்கழியில் பிரசவம். சார்ஜாவில்தான் பார்த்துக்கொள்வேன் என்று அடம்பிடிக்கிறாள். ஆகவே நானும் விமானம் ஏறுகிறேன். சிரிக்காதே. கோயம்புத்தூரிலிருந்து சார்ஜாவுக்கு நேராக விமானம் இருக்கிறது. கேரளத்தில் குடியிருந்துகொண்டு வெளிநாடு போவதற்கு முதலில் வேலந்தாவளம் சோதனைச்சாவடி தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது, பார்த்தாயா?

போன் விஷயத்தில் வீட்டில் ஆளுக்கு ஒரு கட்சி. மருமகன் இ-சிம் கட்சி, அதாவது அட்டை செருகாமல் போனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் சிம். அங்கிருந்தே ஒரு கியூஆர் படம் அனுப்புவாராம்; நான் இங்கே வீட்டு வைஃபையில் அதை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, சார்ஜாவில் இறங்கியதும் அதை உயிர்ப்பித்தால் போதுமாம். என் அண்ணன் மகன் கிட்டு, பாலக்காட்டில் போன் கடையில் இருக்கிறானே, அவன் ரோமிங் கட்சி, அதாவது நம் ஊர் சிம்மையே அங்கேயும் ஓட்டுவது. எதிர்வீட்டு அம்மிணி அக்காவோ, வளைகுடாவில் இருந்துவிட்டு வந்தவர் என்ற உரிமையில், "விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கிப் போடு, எதற்கு இந்தக் கூத்து?" என்கிறார். மூன்று பேர் சொல்வதும் சரிதான். அதுதான் தொல்லை. ஒருவராவது தப்பாகச் சொல்லியிருந்தால் அவரைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்திருப்பேன்.

ரோமிங் என்பதை நம் பக்கத்துக்காரர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கோபாலபுரத்தில் அம்மா வீடு உனக்கு நினைவிருக்கும். கிணற்றடியில் நின்றால் கேரளம், தொழுவத்தில் நின்றால் தமிழ்நாடு. 2003-இல் உள்ளூரில் வரும் அழைப்புக்குக் காசில்லை என்று ஆன பிறகும், மாநில எல்லையை, கம்பெனிக்காரர்கள் சொல்லும் சர்க்கிளை, தாண்டினால் வரும் அழைப்புக்கும் பிடித்துக்கொண்டுதானே இருந்தார்கள்? அண்ணன் கறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தால் பால் சொம்போடு கிணற்றடிக்கு ஓடுவான். நடுவழியில் ஒரு கோபுரம் விட்டு இன்னொரு கோபுரம் பிடிக்கும், "எடுக்காதே, ரோமிங்!" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். நீ ஒருமுறை பிலாயிலிருந்து கூப்பிட்டு, அவன் எடுக்காமல் ஓடியதை இன்னும் குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

வெளிநாட்டிலும் நடப்பது அதுதான். நம் சிம் அந்த ஊர்க் கோபுரத்தோடு சேர்ந்துகொள்ளும். அந்தக் கம்பெனி நம் கம்பெனியிடம் கணக்கு எழுதும். நம் கம்பெனி நம்மிடம் தீர்த்துக்கொள்ளும். ஏர்டெல், ஜியோ, வி (வோடஃபோன் ஐடியா) எல்லாரிடமும் இதற்கென்று தனி பேக் இருக்கிறது. ஒரு நாளுக்கு, பத்து நாளுக்கு, மாதத்துக்கு என்று விற்கிறார்கள். அதற்குள் இத்தனை நிமிடப் பேச்சு, இவ்வளவு டேட்டா. அந்த பேக் போடாமல் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு இறங்கினால்தான் ஆபத்து. எம்பி கணக்கில் காசு ஓடும். நீ போனைத் தொடவே வேண்டாம். அது தன்பாட்டுக்குப் படங்களை மேலே ஏற்றிக்கொண்டும் செயலிகளைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். போஸ்ட்பெய்டு என்றால் ஊர் திரும்பிய பிறகு பில் வந்து நெஞ்சைப் பிடிக்கும்.

காசு கணக்கு மட்டும் பார்த்தால் மருமகன் கட்சி ஜெயிக்கும், சந்தேகமில்லை. ஆனால் பயணிகளுக்கு விற்கும் இ-சிம் பெரும்பாலும் வெறும் டேட்டா. அதற்குக் கூப்பிடத் தக்க எண் கிடையாது. "வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாமே அத்தை" என்றார். வேறு ஊரென்றால் பேசலாம்தான். சார்ஜா இருக்கும் அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், பேச முடியாது. அந்த ஊர் அரசு இணையவழிப் பேச்சைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற பாட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். இரண்டு முனையிலும் அது இருக்க வேண்டும். அதற்கும் கிட்டு ஒரு வழி சொன்னான்: "விபிஎன் போட்டுக்கொள்ளலாம் அத்தை." நாம் எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்பதை மறைக்கும் செயலியாம். அங்கே விபிஎன்னைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் அபராதம் ஐந்து லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது என்று சட்டமே இருக்கிறது. எது குற்றம், எது குற்றமில்லை என்று அந்த ஊர் போலீஸிடம் நின்று வாதாட ஒரு ரிட்டையர்டு தமிழ் டீச்சரால் ஆகுமா? பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறேனா, வழக்காடப் போகிறேனா என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டான்.

சரசு, நான் உண்மையில் மருகிக்கொண்டிருப்பது அம்மாவைப் பற்றி. அவளிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப்பும் இல்லை, பாட்டிமும் இல்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் பேசும், சிவப்பை அழுத்தினால் ஓயும். அதற்கு மேல் அந்தப் போனிடம் அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டை நீளமாக அழுத்தினால் நான் வருவேன். மூன்றுக்கு அண்ணன். பால்காரன் வந்துவிட்டுப் போன கையோடு, விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டை அழுத்துவாள். "எழுந்துவிட்டாயா?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. சார்ஜாவில் அப்போது மூன்றரை.

நான் அங்கே உள்ளூர் சிம் வாங்கினால் என் எண் 971-இல் தொடங்கும். அவள் அந்த எண்ணுக்கு அழைக்க ஐஎஸ்டி, அதாவது வெளிநாட்டு அழைப்பு வசதி, வேண்டும். அவள் போட்டிருக்கும் ரீசார்ஜில் அது ஏது? சரி, நானே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றால், அவள் எடுக்கமாட்டாள். தெரியாத வெளிநாட்டு எண்ணை எடுக்காதே, போலீஸ் என்று சொல்லி ஏமாற்றுவார்கள் என்று வார்டு மெம்பர் வந்து வகுப்பு எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வாழ்நாளில் ஒருவர் சொல்லும் கேட்காத அம்மா அந்த மெம்பர் சொல்லை மட்டும் வேதமாக வைத்துக்கொண்டிருக்கிறாள். சோதித்துப் பார்க்கலாம் என்று பெரியவளை அங்கிருந்து அழைக்கச் சொன்னேன். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு அம்மாவே இரண்டை அழுத்தி எனக்குச் சொன்னாள்: "எவனோ கள்ளன் கூப்பிட்டான், நான் எடுக்கவில்லை."

கிட்டு பக்கம் நான் சாய்ந்தது இங்கேதான். என் பழைய எண்ணையே ரோமிங்கில் வைத்திருந்தால் அம்மா எப்போதும்போல இரண்டை அழுத்தலாம். அவளுக்கு ஆவது உள்ளூர்ப் பேச்சுக் கட்டணம்தான். நான் உகாண்டாவில் இருந்தால்கூட அவளுக்கு அதே காசு. மிச்சம் என் தலையில், அல்லது என் பேக்கில் இருக்கும் நிமிடங்களில் கழியும். "இதற்குப் போய் இவ்வளவு காசா?" என்று இவர் முகத்தைச் சுளித்தார். அண்ணன் பகலெல்லாம் தோப்பில் இருக்கிறான். போன ஐப்பசியில் அம்மா திண்ணையில் சரிந்து கிடந்தபோது அவள் கையில் அந்தப் போன் இருந்தது, அவள் அழுத்தியது இரண்டைத்தான். இதை இவருக்கு நான் நினைவூட்டவில்லை, பார்வை ஒன்று பார்த்தேன். மறுநாள் இவரே கிட்டுவுக்குப் போன் போட்டு விலை கேட்டார்.

உன் அப்பா போனபோது உனக்கு டிரங்க் கால் கிடைக்காமல் தந்தி வந்து சேர்ந்ததும், நீ பிலாயிலிருந்து ரயிலேறி வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்ததும் எனக்குத் தெரியும். நீ அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நானும் இத்தோடு விட்டுவிடுகிறேன். ஆனால் எது மலிவு என்று யார் என்னிடம் கேட்டாலும் அந்த ரயில் என் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

உன் கதை வேறு. சிங்கப்பூரில் வாட்ஸ்அப் பேச்சுக்குத் தடையில்லை. உன்னை ஊரிலிருந்து பட்டன் போனில் கூப்பிட யாரும் இல்லை. இருப்பவர்கள் எல்லாரும் நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்புகிறவர்கள். (நீயும்தான். அந்த ரோஜாப்பூவை நிறுத்து.) ஆகவே நீ சாங்கி விமான நிலையத்தில் இறங்கிப் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சுற்றுலா சிம் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் இ-சிம் போட்டுக்கொள். உன் போன் இ-சிம் ஏற்குமா என்று பார்க்க *#06# அழுத்து. ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண்ணோடு இஐடி என்று ஒரு நீள எண்ணும் வந்தால் ஏற்கும். வாட்ஸ்அப்புக்குப் பழைய எண்ணே இருக்கட்டும். சிம் மாறியதும் எண்ணையும் மாற்றவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்.

ஊர் சிம்மைக் கழற்றி மணிபர்ஸில் போட்டுவிடாதே. இரண்டாவது துளையில் அது உயிரோடு இருக்க வேண்டும். பேங்க் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலும் காசில்லை. நீ அனுப்பினால்தான் காசு. கிளம்புவதற்கு முன்னே இங்கிருந்தே வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்து வைக்கச் சொல், அங்கே போய்த் திறக்கப் பார்த்தால் அதற்கும் ஓடிபி கேட்பான். அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் மூடிவிடு. நீ அங்கே தங்கும் நாட்களுக்கும் சேர்த்து ரீசார்ஜ் செய்துவிட்டுப் போ; பேலன்ஸ் இல்லாமல் தொண்ணூறு நாள் சும்மா கிடக்கும் எண்ணை எடுத்து வேறு யாருக்காவது கொடுத்துவிட அவர்களுக்கு உரிமை இருக்கிறது. உன் எண் வேறொருத்திக்குப் போய், அவள் எனக்கு ரோஜாப்பூ அனுப்பினால் நான் தாங்கமாட்டேன்.

உன் மகன் வீடு உட்லண்ட்ஸில் என்று எழுதியிருந்தாய். வரைபடத்தில் பார்த்தேன். ஜலசந்திக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாரு. போயும் போயும் நீயும் ஓர் எல்லையில்தான் போய்த் தங்கப் போகிறாய்! அந்தப் பக்கத்து வீடுகளில் சன்னலோரம் போனால் போன் மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோபாலபுரம் தொழுவத்தின் கதைதான். நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் நீ வாங்கிய கம்பெனியையே கையால் தேர்ந்து வைத்துவிடு. மகனிடம் சொன்னால் செய்து கொடுப்பான்.

உன் வீட்டுக்கார அண்ணனுடைய பட்டன் போன் விஷயம் தனி. அது பழைய 2ஜி போனாக இருந்தால் அங்கே பேப்பர் வெயிட்டாகத்தான் ஆகும். சிங்கப்பூரில் 2ஜியை 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். 3ஜியையும் 2024-இல் மூடத் தொடங்கினார்கள். எந்த பேக் போட்டாலும், எத்தனை ரூபாய் கட்டினாலும் அதில் உயிர் வராது. 4ஜி பட்டன் போன்கள் கடையில் கிடைக்கின்றன. அவர் "இது பத்து வருடமாக ஓடுகிறது" என்று ஆரம்பிப்பார். ஓடட்டும், திருச்சியில் ஓடட்டும்.

இன்னொன்று. உன் போனில் எண்களை எல்லாம் வெறும் பத்து இலக்கமாகத்தான் வைத்திருப்பாய். அங்கிருந்து அப்படியே அழுத்தினால் போகாது. முக்கியமானவர்கள் எண்ணுக்கு முன்னால் +91 சேர்த்துவிடு. நான் சேர்த்து முடித்தேன்; சேர்க்கச் சேர்க்க, பேச்சுவார்த்தை இல்லாத மூன்று சொந்தக்காரர்களின் எண்கள் கண்ணில் பட்டன. அதில் ஒருவரைக் கூப்பிட்டும் பேசிவிட்டேன். யார் என்று நேரில் சொல்கிறேன், கடிதத்தில் எழுதினால் அதை நீ கோமதியிடம் படித்துக் காட்டுவாய்.

உன் வீட்டுக்கார அண்ணனுடைய போன் என்ன மாடல் என்று பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்து எழுதி அனுப்பு. கிட்டுவிடம் கேட்டு எந்த வகை என்று சொல்கிறேன். நான் கார்த்திகைக் கடைசியில் கிளம்புகிறேன். அதற்குள் ஒருநாள் பேசு, காலை ஐந்து மணியை மட்டும் விட்டுவிட்டு.

இப்படிக்கு,
விசாலம்