அம்மாவின் மேற்கு ஜன்னல்

பாளையங்கோட்டை,
ஆடி 3

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததில் பதில் எழுத முடியவில்லை. ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம், அதற்கு முன்னால் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பெயின்டர் வருவதற்குள் உனக்கு இது போய்ச் சேர வேண்டும் என்றுதான் இன்று எப்படியும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவைக் கண்புரை அறுவைக்காகத் தம்பி சென்னைக்கு அழைத்துப் போனான் அல்லவா, அந்த இடைவெளியில் அவள் அறைக்கும் கூடத்துக்கும் பெயின்ட் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஜன்னல் சட்டங்களுக்கு எனாமல். கண்ணாடியில் படக் கூடாது என்று பெயின்டர் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் செய்தித்தாள் வைத்து மூடினார். முதல் கோட் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டார். பத்து நாள் கழித்து வந்து அதே டேப்பின் மேலேயே இரண்டாவது கோட்டும் அடித்துவிட்டு, "காய்ந்ததும் உரிச்சுக்கோங்கம்மா" என்றார். அம்மா வருவதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். சித்திரை வெயில் போய், வைகாசியும் போய், ஆனிச் சாரலும் வந்துவிட்டது.

அம்மா வர நான்கு நாள் இருக்கும்போது நகத்தால் ஒரு முனையைக் கிள்ளி இழுத்தேன். மேல் காகிதம் மட்டும் சிலும்பு சிலும்பாகக் கையோடு வந்தது. அடியிலிருந்த பசை, பால் ஆடை காய்ந்த மாதிரி மஞ்சளாகக் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. இன்னோர் இடத்தில் வேகமாக இழுத்ததில் டேப்போடு சேர்ந்து ஒரு விரல் நீளத்துக்கு எனாமல் பிய்ந்து, உள்ளேயிருந்த பட்டி வெள்ளையாகத் தெரிந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன், கலா. கண் தெளிந்து வருகிற அம்மா முதலில் பார்க்கப் போவது இந்த ஜன்னலைத்தான்.

அந்தப் பசை ரப்பர் சேர்ந்தது. வெறும் தண்ணீருக்கு அசையாது. வெயில் பட்டுப் பட்டு இறுகிவிட்டால் உரிக்கிற பதமும் போய்விடுகிறது. இந்த டேப்பை 1925ல் அமெரிக்காவில் 3எம் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்பவர் உருவாக்கியதே, கார் பட்டறையில் இரண்டு நிறம் அடிக்கும்போது ஒட்டிய காகிதத்தைப் பிரித்தால் பெயின்டும் சேர்ந்து உரிகிறதே என்பதற்காகத்தான். ஒட்டி, வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டிய சாமான் அது. அதை நான் இரண்டு மாதம் வெயிலில் காய விட்டிருக்கிறேன்.

சரி, எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். முதலில் புது பிளேடால் டேப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே கோடு மாதிரி கீறிவிட்டேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில்கூட பெயின்ட் பிய்யவில்லை. வடக்கு ஜன்னலில் வெயில் அதிகம் படாததால் ஹேர் டிரையரே போதுமாக இருந்தது. ஒரே இடத்தில் காட்டினால் கண்ணாடி விரிசல் விடலாம். அதனால் ஆட்டிக்கொண்டே ஒரு சாண் அளவுக்குச் சூடாக்கி, டேப்பை அதன் மேலேயே மடக்கி மெதுவாக இழுத்தேன். பசையோடு முழுசாக வந்தது.

அம்மா அறையின் மேற்கு ஜன்னல் அதற்கு மசியவில்லை. தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து டேப் மேல் ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து ராத்திரி முழுக்க ஊற விட்டேன். காலையில் காகிதம் ஊறிப்போய் வழித்தாலே வந்தது. மிச்சப் பசைக்கு, மேல் பக்கத்துச் சாதாரணக் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, பிளேடைச் சாய்வாக வைத்து முன்னால் மட்டும் தள்ளினேன். பின்னால் இழுக்கவே கூடாது. அடியில் ஒரு மணல் சிக்கினாலும் கோடு விழுந்துவிடும். காய்ந்த கண்ணாடியில் பிளேடு வைக்கவே வைக்காதே. கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அங்கும் பிளேடு வேண்டாம்.

கீழ்ப்பக்கம் பின்ஹெட் கண்ணாடி. அந்தச் சொரசொரப்பில் பிளேடு ஓடாது, ஒவ்வொரு குழியிலும் பசை உட்கார்ந்திருந்தது. அதற்குக் கைகொடுத்தது நீலகிரித் தைலம். பழைய டூத் பிரஷில் நாலு சொட்டு விட்டு வட்டமாகத் தேய்த்தால் பசை கரைந்து உருண்டு திரண்டு வருகிறது. உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் குழிக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. நான்கு கண்ணாடிக்கு ஒரு முழு நாள் போனது. தைலத்தைச் சட்டத்தில் படாமல் பார்த்துக்கொள். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பக்கத்தில்கூட வர வேண்டாம், எனாமலைக் கரைத்துவிடும். கடைசியில் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டத்தையும் துடைத்த பிறகுதான் பிய்ந்த இடத்துக்குப் பட்டி வைத்துப் பெயின்ட் தொட்டேன். பிசுக்கு இருந்தால் அது பிடிக்காது.

உனக்கு இத்தனை பாடு வேண்டாம். உன் பெயின்டரிடம் முதல் நாளே சொல்லிவிடு: அன்றன்று ஒட்டிய டேப்பை அன்றன்று சாயங்காலமே, பெயின்ட் முழுக்க இறுகுவதற்குள் எடுத்துவிட வேண்டும். இரண்டாவது கோட்டுக்குப் புது டேப். அவர் முணுமுணுத்தாலும் விடாதே, ஒரு டீ போட்டுக் கொடுத்துப் பக்கத்திலேயே நில். நாள் தள்ளும் என்று தெரிந்தால் நீல நிற டேப் வாங்கிக் கொடு. 14 நாள் வரை தாங்கும் என்று போட்டே விற்கிறார்கள்.

அம்மா முந்தாநாள் வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் "யாருக்குச் சளி, தைல வாசம் அடிக்குது?" என்றாள். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து மேல் கண்ணாடி வழியாக வேப்பமரத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கவட்டையில காக்கா கூடு கட்டியிருக்கே, இது எப்போ?" என்று கேட்டாள். போன வருஷமும் அதே கவட்டையில்தான் கட்டியிருந்தது, கலா.

நிச்சயதார்த்தத் தேதி முடிவானதும் எழுது. இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறேன். தைலம் அரைப் பாட்டில் மிச்சம் இருக்கிறது, எதற்கும் எடுத்து வருகிறேன். அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சாந்தா