நிரைகளுக்குள் வழி தவறும் சைக்கிளோட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோட்டப்புறங்களில் வரைபடம் பார்த்து மவுண்டன் பைக் ஓட்டும் போட்டி நடந்தால், கூடவே ஒரு பேச்சும் கிளம்பிவிடுகிறது: "தோட்டத்துப் பிள்ளைகளே வழி தவறினால் எப்படி?" தவறத்தான் செய்வார்கள். மாரியம்மன் கோயில், ஆலை, பழைய லயம் என்று அடையாளம் வைத்துப் போய்ப் பழகியவர்களுக்கு, அவை எதுவும் கண்ணில் படாத செம்பனைக் காட்டில் அந்தப் பழக்கம் உதவாது. தெரிந்த இடம்தானே என்ற நினைப்பு வரைபடத்தையே மறக்க வைத்துவிடும்.

இந்த விளையாட்டின் முதல் உலகப் போட்டி 2002இல் பிரான்சின் ஃபொந்தேன்புளோ காட்டில் நடந்தது. வரைபடத்தில் வட்டமிட்ட, கொடி வைத்த இடங்களுக்கு வரிசைப்படி போய், ஒவ்வொன்றிலும் விரலிலோ கையிலோ மாட்டிய மின்னணுக் குச்சியைப் பதிய வேண்டும். ஒன்று விடுபட்டாலும், வரிசை மாறினாலும் போட்டியில் கணக்கில்லை. கொடியில் எழுதிய எண்ணையும் வரைபடத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிடாமல் பதிவது முதல் தவறு. இதற்கு ஒரு விநாடிகூட ஆகாது, ஆனாலும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

பெரிய தவறு வேறு. அதைப் பக்கத்துப் பாதை மயக்கம் என்று சொல்லலாம். செம்பனைத் தோட்டத்தில் லோரிச் சடக்குகள் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஓடுகின்றன. ஒரு சந்தி முன்னதாகத் திரும்பிவிட்டாலும் அடுத்த ஐந்து நிமிடம் எல்லாமே சரியாக இருப்பதுபோல் தோன்றும். சடக்கு அதே திசையில் போகும், சந்திகள் அதே போல் வரும், வாய்க்காலும் இருக்கும். ஒன்றிரண்டு பொருந்தாவிட்டால் மனம் தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும்: "இந்தச் சந்தியை வரைந்தவர் விட்டிருப்பார்." அங்கேதான் ஆட்டம் போகிறது. மேட்டு நிலத்தில் மயக்கம் இன்னும் மோசம். சரிவில் வெட்டிய படிக்கட்டு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே வளைவில் போவதால், ஒரு படி கீழே இருக்கிறோமா மேலே இருக்கிறோமா என்று கண்ணால் சொல்ல முடியாது.

நடவு முறையும் ஏமாற்றும். செம்பனை முக்கோணமாக நடப்படுகிறது. 9 மீட்டர் இடைவெளி என்றால் ஹெக்டருக்குச் சுமார் 142 மரம். நடுவில் நின்று பார்த்தால் 60 பாகைக்கு ஒன்றாக மூன்று திசையிலும் நேரான நிரை தெரியும். சதுரமான நிலம் என்று எண்ணிக் குலை வெட்டும் பாதையில் புகுந்தவர், நினைத்த சடக்கை விட்டு வேறொன்றில் வெளிவருவார். இதே நடவு ஒரு நன்மையும் செய்கிறது: நிரையோடு 11 மரம் தாண்டினால் ஏறக்குறைய 100 மீட்டர். அளவுகோல் இல்லாத இடத்தில் இது நல்ல அளவுகோல்.

மயக்கத்தைத் தவிர்க்க, கொடியை விட்டுக் கிளம்பும்போதே திசைகாட்டி ஊசியை ஒரு முறை பார்த்துத் திசையை உறுதி செய்ய வேண்டும். எந்தப் பக்கமிருந்து வந்தோமோ அந்தப் பக்கமே திரும்பிப் போகிறவர்கள் நிறைய. வெளியேறும் வழியைக் கொடிக்கு 200 மீட்டர் முன்பே முடிவு செய்துவிட்டால் அங்கே நின்று குழம்ப வேண்டியதில்லை. பிறகு ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிவரை உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று விஷயம் மனதில் இருந்தால் போதும்: எத்தனையாவது சந்தி, வாய்க்கால் எந்தப் பக்கம், எதைக் கண்டால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். இந்த மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை.

வேகக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 300 மீட்டர். 1:15,000 வரைபடத்தில் அது 2 சென்டிமீட்டர். 1:10,000 என்றால் 3 சென்டிமீட்டர். மூன்று விநாடி குனிந்து படித்தால் 15 மீட்டர் போய்விடும், ஒரு சந்தி கண்ணில் படாமலே தாண்டியிருக்கும். கரடுமுரடான இறக்கத்தில் படிப்பது வீண் வேலை, ஆபத்தும்கூட. சமதளத்திலும் மெதுவான ஏற்றத்திலும் படித்து முடிக்க வேண்டும்.

பாதைக் கோடுகளை அலட்சியம் செய்வதாலும் நேரம் போகிறது. தொடர்கோடு வேகமாக ஓட்டலாம் என்பதற்கு, நீளத் துண்டுகள் நடுத்தரத்துக்கு, குட்டைத் துண்டுகள் மெதுவுக்கு, புள்ளிக்கோடு தள்ளிக்கொண்டு போவதற்குச் சமம். தடித்த கோடு ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலமானது. குறுக்கே போனால் பாதித் தூரம் என்று புள்ளிக்கோட்டில் இறங்கியவர், சுற்றிப் போனவரைக் கொடியடியில் பார்ப்பார். அதுவும் மழை விட்ட செம்மண்ணில் களிமண் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரமே சுழலாது. வரைபடத்தில் வேகமான பாதை என்று போட்டிருப்பது காய்ந்த நிலத்துக்குத்தான்.

திசைகாட்டி விஷயத்தில் நமக்கு ஒரு வசதி, ஒரு தொல்லை. தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் ஒரு பாகைகூட வித்தியாசம் இல்லாததால் திருத்தம் போட வேண்டாம். ஆனால் ஐரோப்பாவுக்குச் சமன் செய்த திசைகாட்டியை இங்கே கொண்டுவந்தால் ஊசியின் ஒரு முனை தாழ்ந்து உரசும். நிலநடுக்கோட்டுப் பகுதிக்கானதைக் கேட்டு வாங்க வேண்டும். ஹேண்டில்பாரில் பொருத்திய பின், சைக்கிளை நிறுத்தி வைத்து ஹேண்டில்பாரை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஊசியும் கூடவே திரும்பினால் பக்கத்தில் இரும்போ, கைப்பேசியோ, வேகமானியின் காந்தமோ இழுக்கிறது. சூரியனைப் பார்த்துத் திசை சொல்வதும் இங்கே எடுபடாது. ஜூனில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், டிசம்பரில் தெற்கே.

தவறிவிட்டால்? இரண்டு அடையாளம் அடுத்தடுத்துப் பொருந்தாவிட்டால் உடனே நிற்க வேண்டும். வரைபடத்தை வடக்குக்குத் திருப்பி, கடைசியாக உறுதியாகத் தெரிந்த சந்தி எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் ஓட்டினோம் என்று பார்த்து, அந்தச் சந்திக்கே திரும்பிப் போக வேண்டும். 300 மீட்டர் பின்னால் போவது ஒரு நிமிட நட்டம்தான். முன்னால் போய்த் தேடினால் கால் மணி நேரம் கரையும், அதுவும் இளங்கன்றுகள் நிற்கும் பகுதியில் மட்டை கண்ணை மறைத்துக்கொண்டிருக்கும். பெரிய போட்டிகளில் வரைபடம் காட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு அனுமதியே இல்லை, ஆகவே அதை நம்பிப் பழக வேண்டாம்.

பழியெல்லாம் ஓட்டுபவர் மேல் அல்ல. 25 ஆண்டு ஆன செம்பனையை அழித்து மறுநடவு செய்யும்போது படிகள், சடக்குகள், வாய்க்கால்கள் எல்லாம் புதிதாக வெட்டப்படுகின்றன. பழைய வரைபடத்தை அப்படியே அச்சிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டாளர்கள், மாணவரின் திறமையைச் சோதிக்கவில்லை, அதிர்ஷ்டத்தைத்தான் சோதிக்கிறார்கள். போட்டிக்கு முந்தைய வாரம் ஒருவர் சைக்கிளில் எல்லாச் சடக்குகளையும் சுற்றிவர வேண்டும். பூட்டிய கேட், உடைந்த கட்டைப் பாலம், மாடு தடுக்கக் கட்டிய மின்வேலி ஆகியவற்றை ஊதா நிறக் குறுக்குக்கோட்டால் அடைத்துக் காட்ட வேண்டும். லயங்களையும் வீட்டுத் தோட்டங்களையும் நுழையத் தடை என்று தெளிவாகப் போட வேண்டும். கடைசியாகக் கள ஆய்வு செய்த மாதமும் ஆண்டும் வரைபடத்தின் ஓரத்தில் அச்சாகியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிள் வழித்தேடல் பயிற்சியாளர்கள்,
சுங்கை சிப்புட்.