ஆண்ட்ராய்டு ஆப் குழுத் தலைவர்களுக்கு: பயனர் சொன்னதை அப்டேட்டில் தொலைக்காதீர்கள்

அன்புள்ள குழுத் தலைவர்களுக்கும் கோட் ரிவ்யூ செய்பவர்களுக்கும்,

எழுத்தைப் பெரிதாக்கு, இரவில் அறிவிப்பு வேண்டாம், தமிழில் காட்டு. இதையெல்லாம் பயனர் ஒருமுறைதான் சொல்வார். அடுத்த அப்டேட்டில் எழுத்து மறுபடி சிறுத்துப்போனால், பார்வை மங்கிய ஒருவரால் அதைச் சரிசெய்ய செட்டிங்ஸ் பக்கத்தையே படிக்க முடியாது. அதனால் ஒரு செட்டிங்கின் கீயையோ (அதைச் சேமிக்கும் பெயர்) வகையையோ (எண்ணா, ஸ்ட்ரிங் எனும் எழுத்துச் சரமா என்பது) தொடும் மாற்றத்தை, டேட்டாபேஸ் அட்டவணையை மாற்றும் அதே கவனத்தோடு பாருங்கள்.

எழுத்தளவையே எடுத்துக்கொள்வோம். லிஸ்ட்பிரிஃபரன்ஸில், அதாவது பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் செட்டிங்கில், 14, 18, 22 என்று மதிப்புகள் வைக்கிறீர்கள். பார்க்க எண்தான், செட்டிங்குகளைச் சேமிக்கும் கோப்பில் ஸ்ட்ரிங்காகவே பதிவாகும். வேறொரு திரையில் யாரோ அதே கீயை, எண்ணாகப் படிக்கும் கெட்இன்ட் கொண்டு படித்தால், வகை பொருந்தவில்லை என்ற பிழையான கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வரும். ஆனால் புதிதாக நிறுவிய போனில் வராது. அங்கே கீயே இல்லை, டீஃபால்ட் மதிப்பு (பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது எடுத்துக்கொள்வது) வந்துவிடும், டெஸ்ட்டும் பாஸாகிவிடும். எழுத்தளவை மாற்றி வைத்திருந்த பழைய பயனருக்கோ கிராஷ் ஆகும். கீயின் பெயரை மாற்றினால் கிராஷ்கூட வராது. அவர் தேர்வு சத்தமில்லாமல் போய்விடும்.

எனவே வெளியீட்டுக்கு முன், ஆப் ஸ்டோரில் இப்போது இருக்கும் பதிப்பை நிறுவி, ஒவ்வொரு செட்டிங்கையும் டீஃபால்ட்டிலிருந்து மாற்றி வைத்து, அதன் மேலேயே புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். இடையில் அன்இன்ஸ்டால் செய்துவிட்டால் இந்தச் சோதனைக்குப் பயனில்லை.

டீஃபால்ட்டை இரண்டு இடத்தில் எழுதுவதும் இதே வகைக் கோளாறுதான். செட்டிங்ஸ் பக்கத்தை வரையறுக்கும் எக்ஸ்எம்எல்லில் ட்ரூ (ஆம்), கோட்டில் ஃபால்ஸ் (இல்லை) என்று வைத்துக்கொள்ளுங்கள். பயனர் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கும்வரை ஆப் ஃபால்ஸ் என்றே நடக்கும். திறந்ததுமே ட்ரூ கோப்பில் எழுதப்பட்டுவிடும். எதையும் தொடாமல் வெளியே வந்தவருக்கும் ஆப் வேறு மாதிரி நடக்கத் தொடங்கும். கீ, வகை, டீஃபால்ட் மூன்றையும் ஒரே கிளாஸில் வைத்து, மற்ற கோட் எல்லாம் அதன் வழியாகவே படிக்கட்டும்.

செட்டிங்குகளைக் கோப்பில் சேமிக்கும் ஆண்ட்ராய்டின் பழைய வசதியான ஷேர்டுபிரிஃபரன்சஸில் ஒரு ஸ்விட்சை மாற்றினாலும் முழுக் கோப்பும் திரும்ப எழுதப்படும். அதில் ஜேசன் வடிவில் எழுதிய பெரிய தரவு உரைகளைக் கொட்டி வைக்காதீர்கள். உடனே எழுதி முடிக்கும் கமிட்டுக்குப் பதில், பின்னணியில் எழுதும் அப்ளை போட்டால், திரையை இயக்கும் மெயின் த்ரெட் தப்பித்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஆக்டிவிட்டி (ஆப்பின் ஒரு திரை) நிற்கும்போது, எழுதி முடியாதவை முடியும்வரை மெயின் த்ரெட் காத்திருக்கும். ஆப் பதிலளிக்கவில்லை என்று போன் காட்டும் ஏஎன்ஆர் அங்கேதான் பிறக்கிறது.

2021 ஆகஸ்டில் நிலையான பதிப்பாக வந்த, ஷேர்டுபிரிஃபரன்சஸுக்கு மாற்றான டேட்டாஸ்டோருக்கு மாறுவது நல்லது. ஆனால் பாதி வழியில் நிற்காதீர்கள். இந்த இடமாற்றத்தைச் செய்யும் ஷேர்டுபிரிஃபரன்சஸ்மைக்ரேஷன், மதிப்புகளைக் கொண்டுபோன பிறகு பழைய கோப்பிலிருந்து அந்தக் கீகளை நீக்கிவிடும். ஒரு விட்ஜெட்டோ சர்வீஸோ இன்னும் பழைய கோப்பைப் படித்துக்கொண்டிருந்தால், அதற்கு இனி டீஃபால்ட் மட்டுமே கிடைக்கும். மாறுவதற்கு முன் பழைய கோப்பைத் தொடும் எல்லா வரிகளையும் தேடிப் பிடியுங்கள். ஒரே பிராசஸில் (ஆப் ஓடும் ஒரு இயக்கத்தில்) ஒரு கோப்புக்கு ஒரு டேட்டாஸ்டோர்தான் இருக்கலாம். இரண்டாவதை உருவாக்கிப் பயன்படுத்தினால் இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் என்ற பிழை வரும்.

மொழித் தேர்வைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல் போனின் செட்டிங்ஸிலேயே, அதற்கு ஆதரவு தரும் ஆப்களுக்குத் தனித்தனியே மொழி தேர்ந்தெடுக்கலாம். அங்கே தமிழைத் தேர்ந்தவருக்கு, உங்கள் பழைய மொழிக் கீ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆங்கிலத்தைத் திணித்தால் அவர் என்ன செய்வார்? அந்தக் கீயை ஒருமுறை படித்து ஆப்காம்பாட் என்ற ஆண்ட்ராய்டு நூலகத்தில் ஆப்பின் மொழியை அமைக்கும் செட்அப்ளிகேஷன்லோகேல்ஸுக்குக் கொடுங்கள். பிறகு அந்தக் கீயை அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆண்ட்ராய்டு நிரலாளர்கள் சிலர்